பையும் படமும்

மனித உடலின் உறுப்புகளுள் கவிஞராற் பாடப்பெற்றவை சில, பாடப்பெறாதவை பல. கண்ணும் தோளும் கூந்தலும் அடியும் நம் இலக்கியத்திற் பெற்றுள்ள இடத்தை நாம் அறிவோம். குடலோ பரணிக் களத்திற் பேய்களின் கழுத்து மாலையாகத் தொங்கியதோடு சரி. பசியைப் பாடினர், மணிமேகலையில் வரும் காயசண்டிகை யானைத்தீ நோயால் வருந்திய கதையை இன்றும் நாம் வகுப்பிற் படிப்பிக்கிறோம். ஆனால் உண்ட உணவு உடலினுள்ளே எவ்வழியாற் செல்கிறது, அவ்வழி கெட்டால் மனிதன் என்ன பாடுபடுகிறான் என்பவற்றை எழுத்திற் கொண்டுவருதல் அவைக்கு ஒவ்வாத காரியமாகவே கருதப்பட்டு வந்துள்ளது.

இக்கூச்சத்தின் விலையை எல்லோரும் ஒரே அளவிற் கொடுப்பதில்லை. வசதியுள்ள வீட்டில் நோயாளிக்குத் தனியறையும் அதனோடு ஒட்டிய மலசலகூடமும் இருக்கும். ஓரறைக் குடிசையில் ஏழு பேரோடு வாழ்பவன் நாளுக்கு இருபது முறை வெளியே ஓடவேண்டி வந்தால் அவனுடைய நோய் ஊருக்கே தெரிந்துவிடும். ஊர் அதைப் பற்றிப் பேசாது, ஆனாற் சிரிக்கும். நோயாளி பெண்ணாயின், கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்ற பயத்தால் வீட்டாரே நோயை மறைப்பர். ஆகவே குடலைப் பற்றிப் பேசுவதும் ஒரு சமுதாயக் காரியமே என்று நாம் கருதுகிறோம். தமிழ் படித்துப் பட்டம் பெற்றுத் தமிழ் படிப்பித்துப் பிழைக்கும் நமக்கு இவ்விடயத்தில் என்ன உரிமை என்று வாசகர் கேட்கலாம். அவ்வுரிமை நமக்கு எவ்வாறு வந்தது என்பதைக் கட்டுரையின் போக்கிற் காட்டுவோம்.

பெருங்குடலின் உட்சுவர் அழற்சியுற்றுப் புண்ணாகி, இரத்தமும் சளியும் கலந்து மலம் போகின்ற நீடித்த நோய் ஒன்று உண்டு. புண்ணாக்கும் பெருங்குடல் அழற்சி என்று அதனைக் கூறலாம். படிக்கும் வயதிலும் உழைக்கத் தொடங்கும் வயதிலும் உள்ளோரையே அது பெரும்பாலும் பிடிக்கின்றது. மருந்துக்கு அடங்குவோர் பலர். மருந்துக்கு அடங்காதவர்க்கும், நெடுநாள் அழற்சியின் பயனாகப் புற்றுநோய் அரும்பத் தொடங்கியவர்க்கும், பெருங்குடலையும் அதன் கடைப்பகுதியாகிய நேர்குடலையும் முற்றாக அகற்ற வேண்டி வரும். பரம்பரையாக வருகின்ற மற்றொரு நோயும் உண்டு. அதிற் பெருங்குடலினுள் நூற்றுக்கணக்கான சிறு முளைகள் தோன்றும். காலத்தில் அகற்றாவிடின் அவற்றுள் ஏதேனும் ஒன்று புற்றாக மாறுவது ஏறக்குறைய நிச்சயம். அந்நோயாளருக்கும் இதே சத்திரசிகிச்சைதான்.

பெருங்குடலை எடுத்தபின் மலம் எவ்வழியாற் போவது? சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கத்தால் வெளியே கொணர்ந்து தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிடுவதே நெடுங்காலம் வழக்கிலிருந்த முறை. 1952 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த பிரையன் புறூக் என்ற சத்திரவைத்தியர், சட்டைக் கையை மடித்துவிடுவது போலக் குடல்முனையை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். அதன் பின்னரே அவ்வாசல் மனிதர் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றாயிற்று. ஆயினும் ஆயுள் முழுவதும் வயிற்றில் ஒட்டுப்பையோடு வாழ்தல் இலேசான காரியமன்று.

இவ்விடத்திலேதான் மனிதனுடைய கைத்திறன் ஒரு புதிய வழியைத் தேடிற்று. பெருங்குடல் செய்த வேலைகளுள் ஒன்று, மலத்தைச் சிறிது நேரம் தாங்கி வைத்திருத்தல். அதற்கு ஒரு பாத்திரம் வேண்டும். அப்பாத்திரத்தைச் சிறுகுடலைக் கொண்டே செய்தால் என்ன? 1969 இல் சுவீடன் நாட்டின் கொதன்பேர்க் நகரில் நில்ஸ் கொக் என்பார் சிறுகுடலை மடித்துத் தைத்து வயிற்றினுள்ளே ஒரு பை அமைத்த செய்தியை வெளியிட்டார். பின்னர் அதற்கு வால்வு ஒன்றையும் அமைத்தார். நோயாளி வேண்டிய வேளையில் ஒரு குழாயைச் செருகி அதனைக் காலி செய்துகொள்ளலாம். 1978 இல் லண்டனில் அலன் பார்க்ஸ், ஜோன் நிக்கல்ஸ் என்னும் இருவர் மேலும் ஒரு படி சென்றனர். சிறுகுடலிற் செய்த பையைக் கீழே இறக்கிக் குதத்தோடு இணைத்து, இயற்கை வாசலாலேயே மலம் போகும்படி செய்தனர். அவர்கள் குடலை மூன்று மடிப்பாக மடித்தனர். அப்பையின் அடியில் நீண்டிருந்த குழாய்ப்பகுதி காரணமாக, அது தானாகக் காலியாகாமற் பலருக்குத் தடைப்பட்டது. 1980 இல் யப்பானிய வைத்தியர் உற்சுனோமியாவும் அவருடைய தோழரும் குடலை இரண்டே மடிப்பாக மடித்து எளிய பையொன்றைச் செய்தனர். ஒவ்வொரு மடிப்பும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை நீளம். ஆங்கிலத்தின் 'ஜே' எழுத்தை ஒத்த அந்தப் பையே இன்று உலகெங்கும் பெருவழக்காயிற்று.

இவ்வரலாற்றை விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. விஞ்ஞானம் ஒரு மேதையின் மூளையில் மின்னலைப் போல் உதிப்பது என்ற கதையையே பாடசாலைகளில் நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஒரு நாட்டவர் விட்ட இடத்தில் மற்றொரு நாட்டவர் தொடங்கினர். ஒருவருடைய பை காலியாகாததிலிருந்தே மற்றவர் பாடம் கற்றார். பெயர் அறியப்படாத நோயாளர் பலர் தம் உடலையே அப்பாடத்துக்கு ஏடாகக் கொடுத்தனர். இவ்வறிவு கூட்டு உழைப்பின் விளைவு. ஆகவே அதன் பயனும் பொதுச்சொத்தாதல் வேண்டும்.

இனிப் படத்துக்கு வருவோம். புதிதாகச் செய்த பையும் குதத்தோடு அதனை இணைத்த தையலும் ஆறவேண்டும். அதுவரையில் மலம் அவ்வழியே செல்லாதபடி, பைக்கு மேலேயுள்ள சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் வெளியே கொணர்ந்து தற்காலிக வாசல் ஒன்று அமைப்பது வழக்கம். இரண்டு மூன்று மாதங்களின் பின் அவ்வாசலை மூடிவிடுவர். மூடுவதற்கு முன் உள்ளே தையல் ஆறிவிட்டதா என்று அறிய வேண்டும் அல்லவா? வெளியிலிருந்து கண்ணாற் காணவியலாத அந்த இடத்தைக் காட்டுவதே பைப்படம்.

இதனை எடுக்கும் முறை எளியது. மெல்லிய ரப்பர்க் குழாயொன்றைக் குதத்தின் வழியே பையினுள் மெதுவாகச் செலுத்தி, எக்ஸ் கதிரை மறிக்கும் திரவமொன்றை அதனூடாக விடுவர். பைநிறைய நிறைய முன்புறம், பக்கவாட்டு, சாய்வு என்று பல கோணங்களிற் படம் பிடிப்பர். குடலைப் படம்பிடிக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது பேரியம் சல்பேற்று என்னும் வெண்ணிறக் கூழ். அது நீரிற் கரையாது. கரையாததனாலேயே குடலுக்குள் நஞ்சாகாது. ஆனால் தையலில் ஓட்டையிருந்து அக்கூழ் வயிற்றறைக்குட் கசிந்தால், அங்கே கரையாமற் கிடந்து கடும் அழற்சியை விளைவிக்கும். ஆதலால் ஓட்டை உண்டோ என்று பார்க்கும் வேளையில் நீரிற் கரையும் அயடீன் மருந்தையே விடுவர். அது கசிந்தாலும் உடல் அதனை உறிஞ்சிச் சிறுநீராக வெளியேற்றிவிடும்.

படத்தைப் பார்ப்பவர் எவற்றைத் தேடுகிறார்? குதமும் பையும் சேர்ந்த இணைப்பிற் கசிவு உண்டா, பையின் மடிப்பு முனையிற் கசிவு உண்டா, இணைப்பு ஒடுங்கிவிட்டதா, பையின் பின்புறத்தில், இடுப்பின் திரிக என்பிற்கு முன்னால், மருந்து தேங்கும் பொந்து ஏதும் உண்டா என்பவற்றையே. பை நிறைந்திருக்கும்போது சிறு கசிவு அதன் நிழலில் மறைந்துவிடலாம். எனவே பை காலியான பின்னரும் ஒரு படம் எடுப்பது நல்ல வழக்கம். நோயின் அறிகுறி எதுவுமில்லாத எல்லோருக்கும் இப்படம் வேண்டுமா, விரலாலும் உள்நோக்கிக் குழாயாலும் சோதித்தாற் போதாதா என்பதில் வைத்தியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் கூறப்போகும் இளைஞனுக்கு அது எடுக்கப்பட்டது. எடுத்ததனால் அவனுக்கு நன்மையும் விளைந்தது.

வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த அவன் நம்மிடம் தமிழ் படித்தவன். தகப்பன் கடற்றொழிலாளி. உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டிலேயே நோய் தொடங்கிற்று. மூன்று ஆண்டுகள் மருந்து. பின் பெரிய சத்திரசிகிச்சை. அது சுமார் 400 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பிலுள்ள அரசாங்க வைத்தியசாலையொன்றில் நடந்தது. அவ்வளவு நுட்பமான வேலைக்கு அவனுடைய குடும்பம் ஒரு சதமேனும் கட்டணம் கொடுக்கவில்லை. இந்நாட்டு மக்கள் போராடிப் பெற்று இன்றுவரை விடாது பற்றிக்கொண்டிருக்கும் இலவச வைத்தியத்தின் பெருமையை இதைவிட விளங்கக் கூறும் உதாரணம் நமக்குத் தெரியாது.

சத்திரசிகிச்சை நடந்து பத்து வாரங்களின் பின் பைப்படம் எடுக்கப்பட்டது. வாசலை மூடுவதைப் பின்போட்டிருக்கிறது என்று கூறி, அடுத்த கிளினிக் திகதியையும் மடித்த தாளொன்றையும் கையிற் கொடுத்து அனுப்பினர். அன்று கிளினிக்கில் நின்ற கூட்டத்தையும், அதனைக் கவனிக்க இருந்த வைத்தியர்களின் தொகையையும் எண்ணினால், ஒருவரோடு பத்து நிமிடம் பேச அங்கு யாருக்கும் இயலாது என்பது விளங்கும். தாளிலிருந்தது ஏழு வரி ஆங்கிலம். ஊருக்கு வந்ததும் அவன் அதனைச் சந்தியிலுள்ள கடையொன்றிற் காட்டினான். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வாசித்து, "தம்பி, உன்ர பை ஒழுகுதாம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு வசனம் என்ன செய்தது என்பதைக் கேளுங்கள். பை ஒழுகுகிறதாயின், தின்பதும் குடிப்பதும் வயிற்றுக்குள் ஒழுகும் என்று அவன் எண்ணினான். தின்பதைக் குறைத்தான், குடிப்பதை அதைவிடக் குறைத்தான். சித்திரை மாத வெயில். தகரக் கூரை. பெருங்குடல் இல்லாதவன் உடலிலிருந்து நீரும் உப்பும் வயிற்று வாசலால் ஓயாது போய்க்கொண்டேயிருக்கும். போவதற்கு ஈடாக உப்பிட்ட கஞ்சியும் ஜீவனிக் கரைசலும் அவன் குடித்தாக வேண்டும். குடியாது விட்டதனால் ஒன்பதாம் நாள் சிறுநீர் நின்றது. நினைவு தடுமாறிய நிலையில் அவனை ஓட்டோவில் ஏற்றி அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். இரண்டு நாட்கள் சேலைன் ஏற்றிய பின்னரே சிறுநீரகம் வழிக்கு வந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் இக்கட்டுரை வேறுவிதமாக முடிந்திருக்கும்.

அவனுடைய தாயார் அந்தத் தாளைப் பொலித்தீன் பையொன்றிற் சுற்றி நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது அப்பொழுதுதான்.

"மாஸ்ரர், இதில என்ன எழுதிக்கிடக்கெண்டு ஒருக்கா வடிவா வாசிச்சுச் சொல்லுங்கோ. பிள்ளை சாப்பிடமாட்டனெண்டு நிக்கிறான்."

நாம் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தோம். விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பரொருவரையும் அழைத்தோம். ஏழு வரியில் இருந்த செய்தி இதுதான்: பை நல்ல வடிவிலும் போதிய கொள்ளளவிலும் உள்ளது, ஒடுக்கம் இல்லை, இணைப்பின் பின்புறத்தில் நூல்போன்ற சிறு கசிவுத் தடம் ஒன்று தெரிகிறது, சில மாதங்களின் பின் மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பது நலம். எனவே ஏழு வரியிற் பெரும்பகுதி நற்செய்தி. கசிவு பற்றிய செய்தியிலும் உணவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. உணவு பைக்கு வருமுன்னரே தற்காலிக வாசலால் வெளியேறிவிடுகிறது. வாசலை வைத்ததே அதற்காகத்தான். பை வெறுமையாக ஓய்ந்திருக்கிறது. ஓய்ந்திருப்பதனாலேயே அது ஆறும். இதனைத் தாளின் பின்புறத்திற் படமாக வரைந்து விளக்கியபோது அந்தத் தாய், "அப்ப தின்னலாமோ மாஸ்ரர்?" என்று கேட்டார். தின்னவேண்டும் என்றோம். அவர் அழுதார்.

ஒரு பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்தது நோயன்று, கசிவுமன்று. யாரும் தமிழிற் சொல்லாத இரண்டு வசனங்களே.

அடுத்த கிளினிக்குக்கு அவனோடு நாமும் இரவு பஸ்ஸிற் சென்றோம். கதிர்ப்படப் பகுதியில் இருந்த வைத்தியர் சிங்களப் பெண்மணி. நாம் வந்த காரணத்தைக் கேட்டறிந்ததும் இளைஞனைக் கணினித் திரையின் முன் இருத்தி, தமக்குத் தெரிந்த தமிழிற் படத்தை விளக்கத் தொடங்கினார். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஓர் உருவம். வெள்ளையாகத் தெரிவது குடலன்று, குடலுக்குள் நிறைந்த மருந்தே என்பதை அவர் முதலிற் சொன்னார். பாத்திரத்தின் உள்வெளியையே இப்படம் காட்டுகிறது. பாத்திரத்தின் சுவரைக் காட்டுவதில்லை. நீண்டு இறங்கி, அடியில் வளைந்து, மறுபுறம் சற்று ஏறி நின்றது அவ்வுருவம்.

"தூண்டில் மாதிரிக் கிடக்கு, சேர்" என்றான் அவன். நாம் ஆங்கில எழுத்தை நினைத்தோம். அவன் தன் தொழிற் கருவியை நினைத்தான். அவனுடைய உவமையே பொருத்தமானது.

வைத்தியர் பக்கவாட்டுப் படத்தை எடுத்து, வளைவின் பின்னே மயிரிழைபோல் நீண்ட ஒரு வெள்ளைக் கோட்டைப் பேனா முனையாற் காட்டினார். "பெரிய ஓட்டை இல்லே தம்பி. சின்ன வழி. மூடும்" என்றார். அவன் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு காலமும் தன்னை ஆட்டிவைத்த பூதத்தின் அளவு எவ்வளவு என்பதை அன்றுதான் அவன் கண்டான். அதற்குப் பிறகு அவன் சாப்பாட்டைப் பற்றிப் பயந்ததில்லை.

பின்னர் எம்.ஆர்.ஐ. படம் ஒன்றும் எடுக்கப்பட்டது. அத்தடத்தைச் சூழச் சீழ் தேங்கவில்லை என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. நான்கு மாதங்களின் பின் எடுத்த இரண்டாம் பைப்படத்தில் வெள்ளைக் கோடு இல்லை. வாசல் மூடப்பட்டது. இன்று அவன் பகலில் ஐந்து தடவையும் இரவில் ஒரு தடவையும் மலங்கழிக்கிறான். இவ்வகைப் பை உடையவர்க்கு அது சாதாரண அளவே. மலசலகூடமில்லாத வள்ளத்தில் நெடுநேரம் இருப்பது கடினமாதலாற் கடலுக்குச் செல்லாமல், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திற் கணக்கு எழுதுகிறான்.

ஒரே வகைப் படம் எல்லாக் கேள்விக்கும் விடை தராது என்பதையும் வாசகர் அறிதல் நன்று. பைப்படம் கசிவையும் ஒடுக்கத்தையும் காட்டும். திடீரென்று காய்ச்சலும் வயிற்று நோவும் வந்து, சீழ்க்கட்டியோ குடல் அடைப்போ என்ற ஐயம் எழுந்தால், வயிற்றை அடுக்கடுக்காக அறுத்துப் பார்த்தாற்போலக் காட்டும் சீ.ரீ. படமே விரைவில் உதவும். கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த அக்கருவியால் முதல் நோயாளியின் தலை படம்பிடிக்கப்பட்டது 1971 ஒக்டோபர் 1 ஆம் திகதி, லண்டனில். குதத்தைச் சுற்றி ஓடும் நுண்ணிய புரைவழிகளை ஆராய எம்.ஆர்.ஐ. சிறந்தது. அது காந்தப்புலத்தால் இயங்குவது. எக்ஸ் கதிர் அதில் இல்லை. மீண்டும் மீண்டும் படம் எடுக்கவேண்டியுள்ள இளவயதினர்க்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இஃது ஒரு பெருநன்மை. பைக்குப் பின்னாளில் வரும் பொதுவான தொல்லை பையின் உட்சுவரில் ஏற்படும் அழற்சி. புண்ணாக்கும் அழற்சிக்காகப் பை பெற்றவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒருமுறையாவது அதற்கு ஆளாவர். அதனை உள்நோக்கிக் குழாயால் நேரிற் பார்த்தே தெளியவேண்டும். பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அது அடங்கும்.

இவையெல்லாம் விஞ்ஞானம் தந்த கொடைகள். ஆனால் கொடைக்கும் அதனைப் பெறவேண்டியவனுக்கும் இடையில் எத்தனை வாயிற்காவலர்! 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த றொண்ட்ஜன் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. மனிதகுலம் முழுவதற்கும் அது உரியதாகவேண்டும் என்று விட்டுவிட்டார். இன்று அக்கதிர் காட்டும் படத்துக்கு வேண்டிய அயடீன் மருந்தை உலகுக்கு வழங்குவன விரல்விட்டு எண்ணத்தக்க சில கம்பனிகளே. 2022 இல் கொரோனா முடக்கத்தால் ஷங்காய் நகரிலிருந்த ஒரேயொரு தொழிற்சாலை சில வாரங்கள் முடங்கியபோது, அமெரிக்கா போன்ற செல்வ நாடுகளின் வைத்தியசாலைகளே படம் எடுப்பதை ஒத்திவைக்க நேர்ந்தது. அதே ஆண்டில் நம் நாடு அந்நியச் செலாவணி இன்றித் தத்தளித்து, சாதாரண மருந்துகளுக்கே கையேந்தி நின்றதை நாம் மறக்கவில்லை. மக்களின் உயிர் தங்கியுள்ள பண்டத்தை இலாபக் கணக்கு ஒன்றினிடமே ஒப்படைத்துவிட்டால் விளைவது இதுதான்.

தூரம் மற்றொரு காவலன். ஒரு படத்துக்காக வடக்கின் கரையிலிருந்து தலைநகருக்குச் சென்று வருவதற்கு இரண்டு இரவுகள், இருவரின் பஸ் கட்டணம், தகப்பனுக்கு இரண்டு நாள் தொழிலிழப்பு. வைத்தியம் இலவசம், வைத்தியத்திடம் போய்ச் சேர்தல் இலவசமன்று. மலையகத் தோட்டத்திலோ வன்னிக் காட்டோரத்திலோ இதே நோயோடு இருப்பவர் எத்தனை படிகளில் நின்று திரும்பியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்றாம் காவலன் மொழி. இதனைப் பற்றிப் பேசவே தமிழாசிரியராகிய நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். நவீன வைத்தியத்தைத் தமிழிற் சொல்ல முடியாது என்று யாரேனும் கூறினால், அவரை மானிப்பாய்க்கு அழைத்துச் செல்லலாம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கேதான் தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் பிரசவ நூலையும் சத்திர நூலையும் தமிழாக்கி அச்சேற்றினார். அவருடைய 'இரண வைத்தியம்' வெளிவந்தது 1867 இல். றொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் காண்பதற்கு 28 ஆண்டுகள் முன்னரே சத்திரசிகிச்சை தமிழ் பேசிவிட்டது. அவருடைய சொற்கள் எல்லாம் இன்று வழக்கில் இல்லாதிருக்கலாம். ஆனால் மக்களின் உடலைப் பற்றி மக்களின் மொழியிற் பேசவேண்டும் என்ற அவருடைய கொள்கையை நாம் ஏன் கைவிட்டோம்?

வைத்திய பீடங்கள் ஆங்கிலத்திற் கற்பிப்பதையோ, வைத்தியர் தமக்குள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வதையோ நாம் இங்கு குறைகூறவில்லை. உலக அறிவோடு அவர்கள் தொடர்பு கொள்ள அது வேண்டியதே. நாம் கேட்பது சிறிய காரியம். அறிக்கையின் அடியில் நோயாளிக்கென்று நான்கு வரி, அவருடைய மொழியில், தமிழிலோ சிங்களத்திலோ எழுதப்பட வேண்டும்: என்ன பார்த்தோம், என்ன கண்டோம், இனி என்ன செய்வோம், அதுவரையில் நீங்கள் என்ன உண்ணலாம், எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டியதில்லை. இயலும்போதெல்லாம் படத்தையும் நோயாளிக்குக் காட்டவேண்டும். வைத்தியத்தின் நால்வகை உறுப்புகளைக் கூறும் வள்ளுவர், நோயுற்றவனை முதலில் வைத்து, வைத்தியனையும் மருந்தையும் துணைநிற்போனையும் அவனுக்குப் பின்னரே வைக்கிறார். அந்த முதலாமவனுக்கே தன் வயிற்றுக்குள் இருப்பது என்னவென்று கடைசியிலும் தெரியாது என்ற நிலை நீடிக்கலாமா?

இதில் வைத்தியரை மாத்திரம் குறைகூறிப் பயனில்லை. ஒரு மேசையின் முன் நூறு பேர் நிற்கையில் நான்கு வரியும் பாரமே. வைத்தியர், தாதியர், கதிர்ப்படத் தொழில்நுட்பவியலாளர் ஆகியோரின் தொகையைக் கூட்டவேண்டும். மாகாணந்தோறும் கருவிகளும் அவற்றை வாசிப்போரும் வேண்டும். இலவச வைத்தியத்துக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைக்க எவர் முயன்றாலும் அதனை எதிர்க்கவேண்டும். தமிழும் சிங்களமும் படித்துப் பட்டம் பெற்று வேலையின்றி இருக்கும் நம் பிள்ளைகளுட் சிலரைப் பயிற்றி, பெரிய வைத்தியசாலைகளில் மொழி உதவியாளராக அமர்த்துவதும் செய்யத்தக்கதே. மொழிப்பட்டம் எதற்கு உதவும் என்று கேட்போருக்கு அதுவே தக்க பதிலாகவும் அமையும்.

ஆசிரியராகிய நமக்கும் வேலை உண்டு. சமிபாட்டுத் தொகுதிப் பாடத்தை நேர்குடல் வந்ததும் சிரிப்போடு முடித்துவிடாமல், அதற்கு வரும் நோய்களையும் அவற்றை வென்ற மனிதரையும் மாணவருக்குச் சொல்லலாம். வகுப்பிலிருந்து அடிக்கடி எழுந்து செல்லும் பிள்ளையை ஏசுமுன் காரணத்தைத் தனியே கேட்கலாம். மலத்தில் இரத்தம் கண்டால் மறைக்காது வீட்டிலும் வைத்தியரிடமும் சொல்லவேண்டும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி எடுத்துரைக்கலாம். கதவு பூட்டக்கூடிய, தண்ணீருள்ள மலசலகூடம் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறதா என்று பெற்றார் சங்கக் கூட்டத்திற் கேட்கலாம். இல்லையாயின் வரும்வரை கேட்டுக்கொண்டேயிருக்கலாம். பல்கலைக்கழக மாணவ நண்பர்கள், வைத்தியம் படிப்போரும் தமிழ் படிப்போரும் ஒரு மேசையில் அமர்ந்து, வழக்கமாக எழுதப்படும் அறிக்கைகளுள் இருபதையேனும் எளிய தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பார்க்கட்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. தொடங்குவதற்கு ஒரு விடுமுறை போதும்.